எடுத்துப் போனது போக மீதி இருந்த ஊர்

மெக்சிகோவில் நம் ஆட்களுக்குத் தெரிந்த இடிபாடுகள் இரண்டு. ஒன்று தியோத்திவாக்கான், இன்னொன்று சிச்சென் இட்சா. எங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு முன்னால் மெக்சிகோ நகருக்கு வேலையாகப் போன எல்லோரும் தியோத்திவாக்கானுக்குப் போய், சூரியப் பிரமிடின் முன்னால் கையை விரித்து நின்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டவர்கள். எனக்கு ஒரு சனிக்கிழமை காலியாகக் கிடைத்ததும் நான் துலாவுக்குக் கிளம்பினேன். வரலாற்று ஆர்வம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் என்னைக் கிளப்பிவிட்டது மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டியின் மூன்றாவது மாடி மாமா.

மாமா தஞ்சாவூர்க்காரர். டெல்லியில் தொல்லியல் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பாதி இடங்களை அவர் டேப்பைப் பிடித்து அளந்திருக்கிறார். நான் மெக்சிகோ போகிறேன் என்றதும், “துலான்னு ஒரு ஊர் இருக்குப்பா. டோல்டெக் ஜனங்களோட தலைநகரம். நாலு கல் ஆளுங்க நிக்கறாங்க, ஒவ்வொருத்தனும் பதினஞ்சு அடி. ஒரே கல்லு இல்லை, துண்டு துண்டா அடுக்கினது. மூட்டு எப்படிப் போட்டிருக்கான்னு பாத்துட்டு வா” என்றார். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக் குழாய்களுக்கு எங்கே தாங்கல் கொடுக்கவேண்டும், எங்கே விரிய விடவேண்டும் என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. மூட்டு என்ற வார்த்தையைப் போட்டால் நான் போய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

மெக்சிகோ நகரின் வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து துலாவுக்கு வண்டி இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஆகும். இடால்கோ மாநிலம். நகரத்தின் சரிவுகளில் அப்பிக்கொண்டிருக்கும் சிமெண்ட் வீடுகள் ஓய்ந்த பிறகு வறண்ட மேடும் சப்பாத்திக்கள்ளியும் ஆனைக் கற்றாழையும் வரும். அப்புறம் புகைபோக்கிகள். துலா ஊருக்குப் பக்கத்திலேயே 1976இல் ஓடத் தொடங்கிய பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் ஓர் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. ஆயிரம் வருடத்துப் பழைய நகரத்தைப் பார்க்கப் போகும் வழியில் என் வேலையே என்னை வரவேற்றது. இடிபாட்டுப் படங்களில் எல்லோரும் அந்தப் புகைபோக்கிகளை வெட்டிவிட்டுத்தான் போடுகிறார்கள். நான் வெட்டவில்லை.

நுழைவாயிலில் ஒரு சின்ன அருங்காட்சியகம். அதைத் தாண்டிக் கள்ளிச்செடிகளுக்கு நடுவே நல்ல நடை நடக்கவேண்டும். வழியெல்லாம் தரையில் துணி விரித்துக் கருங்கண்ணாடிக் கல்லில் செய்த குட்டிப் பொம்மைகள் விற்கிறார்கள். இந்தக் கல் விஷயத்தில் மட்டும் ஏமாற்று இல்லை. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான இந்த ஆப்சிடியன்தான் டோல்டெக்குகளின் இரும்பு. பச்சூகா மலையிலிருந்து வந்த பச்சை நிறக் கல்லை இந்த ஊரின் பட்டறைகளில் சீவிச் சீவிக் கத்தியும் ஈட்டி முனையும் செய்தார்கள். இரும்பும் கிடையாது, வண்டிச் சக்கரமும் கிடையாது, பொதி சுமக்கும் மிருகமும் கிடையாது. ஆனாலும் இங்கே தோண்டியபோது குவாத்தமாலா பக்கத்துப் பசிபிக் கரையில் செய்த பளபளப்புப் பானைகளும், அதற்கும் தெற்கே கோஸ்டா ரிகா பகுதியின் வண்ணப் பானைகளும் கிடைத்திருக்கின்றன. அத்தனையும் ஆள் முதுகில் வந்தவை.

கி.பி. 900லிருந்து 1150 வரை இந்த நகரம் ஓகோவென்று இருந்திருக்கிறது. நம் பக்கத்துக் கணக்கில் முதலாம் பராந்தகன் பட்டத்துக்கு வரும் நேரத்தில் தலையெடுத்து, ராஜராஜனையும் ராஜேந்திரனையும் தாண்டி, தாராசுரம் கோயில் எழும்பும் சமயத்தில் எரிந்துபோன ஊர். எனக்கு ஆண்டுகள் மனதில் நிற்காது. ஆகவே எங்கே போனாலும் சோழர்களை வைத்துத்தான் அளந்துகொள்வேன்.

இப்போது பார்க்க இருப்பது ஒரு சதுக்கம். அதைச் சுற்றி இரண்டு பிரமிடுகள், ஒரு கருகிய மாளிகை, இரண்டு பந்தாட்டக் களங்கள், பகைவரின் மண்டையோடுகளை வரிசையாகக் கோத்து வைத்த ஒரு மேடை. பெரிய பிரமிடு பார்க்கச் சகிக்கவில்லை. மேல் உறையெல்லாம் உரித்து எடுக்கப்பட்டு வெறும் கல் மேடாகக் கிடக்கிறது. பந்தாட்டக் களத்தைப் பார்த்தேன், சரி என்று நகர்ந்துவிட்டேன். எல்லோரும் போவது சின்னப் பிரமிடுக்குத்தான். ஐந்து அடுக்கு, பத்து மீட்டர் அளவு உயரம். விடிவெள்ளியின் கோயில். படிகள் செங்குத்து. ஒவ்வொரு படியும் என் முழங்கால் மருத்துவர் பார்த்தால் கோபப்படும் உயரம். ஊரே கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டரில் இருப்பதால் பாதியில் மூச்சும் வாங்கியது.

மேலே அந்த நாலு பேர் நிற்கிறார்கள்.

4.6 மீட்டர். கறுத்த எரிமலைப் பாறை. தலையில் நேராக நிமிர்ந்த இறகுக் கிரீடம், மார்பில் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கவசப் பதக்கம், இடையில் முன்தானை போல முடிச்சிட்ட துணி, காலில் செருப்பு. செருப்பைக் குனிந்து பார்க்கவேண்டும், அதன் மேலும் இறகுப் பாம்பு செதுக்கியிருக்கிறான். வலது கையில் ஈட்டியை உந்தி எறியும் கோல், இடது கையில் ஈட்டிகள், தூபப் பை. இந்த எறிகோலைத்தான் சிலர் வேற்றுக்கிரகத் துப்பாக்கி என்று புத்தகம் போட்டுச் சம்பாதித்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்துக்கு வழிகாட்டியும் அதைத்தான் நடித்துக் காட்டினார், டிஷ்யூம் சத்தத்தோடு. குழந்தைகளுக்குப் பரம சந்தோஷம்.

கண்ணும் வாயும் வெறும் குழிகளாக இருக்கின்றன. அந்தக் காலத்தில் சிப்பியோ கல்லோ பதித்திருப்பார்கள் என்கிறார்கள். இப்போது அந்த வெறுமையே முகத்துக்கு ஒரு கடுப்பைக் கொடுத்துவிட்டது. எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பின்னால் போய்ப் பார்க்கவேண்டும். முதுகின் கீழே இடுப்பில் தட்டு மாதிரி ஒரு பெரிய வட்டக் கேடயம், அதன் நடுவில் ஒரு முகம். ஆக, முதுகைக் காட்டி நிற்கும்போதும் அவன் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

மூட்டுக்கு வருகிறேன். ஒவ்வோர் ஆளும் நாலு துண்டு: கால், தொடையும் இடுப்பும், மார்பு, தலை. ஒரு துண்டில் முளை, அடுத்ததில் குழி. முளையைக் குழியில் இறக்கினால் துண்டுகள் பக்கவாட்டில் நழுவாது, எடை நேராகக் கீழே இறங்கும். நம் ஊர் தச்சர் கதவு நிலைக்குப் போடுகிற அதே வேலை. எனக்குப் பிடித்தது மூட்டுகளின் இடம். செதுக்கல் வேலை துண்டுகளின் எல்லையைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடுகிறது. பத்தடி தள்ளி நின்றால் கோடு கண்ணில் படுவதில்லை, கிட்டப் போனால்தான் தெரிகிறது. இவர்கள் அலங்காரத்துக்கு நின்றவர்களும் இல்லை, தலையில் கோயிலின் கூரை இருந்தது. அவர்களுக்குப் பின்வரிசையில் சதுரத் தூண்கள், அவற்றிலும் வீரர்கள் புடைப்புச் சிற்பமாக. கூரை மரமானதால் போய்விட்டது. தூணாக இருந்தவர்கள் சிலையாகிவிட்டார்கள்.

ஆனால் இவர்கள் இப்படியே நின்றுகொண்டு ஆயிரம் வருடம் வெயில் காயவில்லை. ஹோர்ஹே அகோஸ்தா என்ற தொல்லியலாளர் 1940இல் இங்கே தோண்ட ஆரம்பித்து இருபது வருடம் விடாமல் தோண்டினார். பிரமிடின் வடக்குப் பக்கம் யாரோ ஆழமாக வெட்டிய ஒரு பள்ளம் இருந்தது. அதற்குள்தான் இந்த ஆட்கள் துண்டு துண்டாகக் கிடந்தார்கள். அவர்தான் எடுத்து மறுபடி அடுக்கி நிறுத்தினார். பள்ளத்தில் சிலைகளோடு, பின்னாளில் இந்தப் பகுதியை ஆண்ட அஸ்டெக்குகளின் காலத்துப் பானை ஓடுகளும் கிடைத்தன. அதாவது ஊர் எரிந்து அழிந்து வெகுகாலம் கழித்து அஸ்டெக்குகள் வந்து தோண்டியிருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்குத் துலாவின் கதை சுவாரஸ்யமாகிறது. அஸ்டெக்குகளுக்கு டோல்டெக் என்றால் உயிர். துலாவில் பருத்தி பல நிறத்தில் விளைந்தது, சாயமே போடவேண்டாம். மக்காச்சோளக் கதிர் ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத்தான் தூக்கமுடியும். மரகத வீடு, பொன் வீடு, சிப்பி வீடு, இறகு வீடு என்று அரண்மனைகள். எல்லாக் கலையும் அவர்கள் கண்டுபிடித்ததுதான். இப்படியெல்லாம் அஸ்டெக் பெரியவர்கள் சொன்னதை 16ஆம் நூற்றாண்டில் சஹகூன் என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். அவர்களின் அரச குலமே டோல்டெக் வழி வந்த குல்வாக்கான் இளவரசி மூலமாகத்தான் தன் பெருமையைக் கொண்டாடியது. பிரமிடின் மேல் நின்று சுற்றிப் பார்த்தால் புழுதியும் கள்ளியும் கீழே ஆறும்தான். வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சித்தான் இங்கே சோளம் விளைந்திருக்கிறது. பல நிறப் பருத்திக்கு வாய்ப்பே இல்லை.

இவ்வளவு பக்தி வைத்திருந்தவர்கள் துலாவை என்ன செய்தார்கள்? பெயர்த்து எடுத்துப் போனார்கள். சிலைகள், புடைப்புக் கற்கள், பிரமிடின் உறை என்று கிடைத்ததையெல்லாம் தங்கள் தலைநகரமான தெனோச்தித்லானுக்கு, அதாவது இன்றைய மெக்சிகோ நகரத்துக்கு, கொண்டுபோய்விட்டார்கள். சின்னப் பிரமிடின் அடுக்குகளில் சிறுத்தைகளும் ஓநாய் மாதிரி கயோட்டிகளும் வரிசையாக நடக்க, கழுகுகள் இதயத்தைக் கொத்தித் தின்பதாகப் பலகைகள் சுற்றிவர இருந்தன. இப்போது பின்பக்கத்தில் கொஞ்சம்தான் மீதி. மற்ற பக்கங்களில் பலகையைப் பிடித்து நிறுத்திய கல் முளைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

ஊர் திரும்பியதும் மாமாவிடம், துலாவை மொட்டையடித்தவர்களே துலாவின் பரம ரசிகர்கள்தான் என்று சொன்னேன். அவருக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. “வா, கோட்லாவுக்குப் போகலாம்” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போனார். ஃபிரோஸ் ஷா கோட்லா என்றால் நமக்குக் கிரிக்கெட் மைதானம். அதன் பக்கத்திலேயே 14ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் இடிபாடு, அதில் அடுக்கடுக்காகக் குறுகிப் போகும் ஒரு கட்டடம், அதன் உச்சியில் 13 மீட்டர் அசோகர் தூண். தூரத்திலிருந்து பார்த்தால் மெக்சிகோக்காரன் கட்டியதுபோலத்தான் இருக்கிறது. தோப்ரா என்ற கிராமத்தில், இன்றைய ஹரியானாவில், நின்றிருந்த தூணை ஃபிரோஸ் ஷா துக்ளக் பார்த்து மயங்கி, டெல்லிக்குக் கொண்டுவரச் சொன்னார். தூணைச் சுற்றி இலவம் பஞ்சை மலையாகக் குவித்து அதன் மேல் மெதுவாகச் சாய்த்தார்கள். நாணலும் பச்சைத் தோலும் சுற்றினார்கள். 42 சக்கர வண்டி, சக்கரத்துக்கு ஒரு வடம், வடத்துக்கு 200 பேர். அப்புறம் படகுகளில் யமுனை வழியாக. அந்தக் கால வரலாற்றாசிரியர் அஃபீஃப் இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போது ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர் படிக்கும்வரை தெரியவும் இல்லை.

“மதிக்காதவன் ஏன் இவ்வளவு பஞ்சு சேர்க்கறான்?” என்றார் மாமா. அவர் இத்தோடு விடவில்லை, நேராகத் தாராசுரத்துக்குப் போய்விட்டார். ராஜாதிராஜ சோழன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தைச் சூறையாடி அங்கிருந்து ஒரு துவாரபாலகரைத் தூக்கிவந்தான். அப்படித் தூக்கிவந்ததைப் பீடத்திலேயே தமிழில் வெட்டியும் வைத்தான். தாராசுரத்தில் இருந்த அந்தச் சிலை இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. “நம்மாளு ரசீது போட்டுக் கொடுத்துட்டான்” என்று அவருக்குச் சிரிப்பு.

“அதுக்காக அது சரின்னு சொல்றீங்களா மாமா?”

“சரி தப்பு நீ பேசிக்கோ. கங்கைகொண்ட சோழபுரத்து மதில் கல்லை 1836ல வெள்ளைக்காரன் கொள்ளிடத்துல கீழணை கட்ட எடுத்துட்டுப் போனான். அவனுக்கு அது வெறும் கல்லு. இவங்களுக்கு அப்படி இல்லை. ரெண்டையும் ஒரே கணக்குல எழுதாதே.”

எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை. கல்லை இழந்த ஊருக்கு, எடுத்தவன் மனதில் என்ன இருந்தால் என்ன? ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். அஸ்டெக்குகள் அந்தப் பழங்கதைகளை விடாமல் சொல்லிக்கொண்டிருக்காவிட்டால் துலாவை யாரும் தேடியிருக்கவே மாட்டார்கள். தேடியபோதும் குழப்பம்தான். கதையில் வரும் அந்தப் பொன்னகரம் தியோத்திவாக்கானாகத்தான் இருக்கவேண்டும் என்று பெரிய அறிஞர்களே நம்பினார்கள். இந்தச் சின்ன ஊருக்கு அவ்வளவு பெருமையா என்று அவர்களுக்குச் சந்தேகம். 1941இல் ஹிமேனெஸ் மொரேனோ என்ற ஆய்வாளர் பழைய ஏடுகளில் உள்ள மலை, ஆறு, ஊர்ப் பெயர்களை நிலத்தோடு பொருத்திக் காட்டிய பிறகுதான் வழக்கு தீர்ந்தது.

துலாவின் சின்னப் பிரமிடின் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது, 40 மீட்டர் நீளம். எனக்கு ஆட்களைவிட இதுதான் அதிகம் பிடித்தது. பாம்புகள் வரிசையாக வாயைப் பிளந்து எலும்புக்கூடுகளை விழுங்குகின்றன, அல்லது கக்குகின்றன. எலும்புக்கூட்டின் கால் ஒரு பக்கம், தலை பாம்பின் வாயில். சிவப்பும் மஞ்சளும் நீலமும் பூசியிருந்திருக்கிறார்கள், சிவப்பு இன்னும் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவரின் உச்சியில் வரிசையாகச் சுருள் சுருளாக ஏதோ நிற்கிறதே என்று பார்த்தால், குறுக்கே அறுத்த சங்கு! இறகுப் பாம்புக் கடவுள் கெட்சால்கோவாத்லின் அடையாளம். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி, வறண்ட மேட்டில், கல்லில் சங்கு.

பக்கத்தில் கருகிய மாளிகை. தூண்களின் அடிப்பாகம் மட்டும் காடாக நிற்கிறது. மூன்று பெரிய கூடங்கள், ஒவ்வொன்றிலும் நடுவில் வானம் பார்த்த முற்றம், மழைத்தண்ணீர் வடிய வழி, சுவர் ஓரம் சுற்றிலும் உட்காரத் திண்ணை. கும்பகோணத்தில் என் பாட்டி வீட்டைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் இதுதான். ஊர் வீழ்ந்தபோது வைத்த தீயில் இதன் பச்சை மண் சுவரெல்லாம் வெந்து செங்கல்லாகிவிட்டது. 1990களில் இங்கே தரைக்கு அடியில் நூற்றுக்கணக்கான சிப்பித் துண்டுகளைக் கோத்துச் செய்த ஒரு மார்புக் கவசம் கிடைத்தது. அஸ்டெக்குகள் இத்தனை தோண்டியும் கையில் அகப்படாமல் தப்பியது.

ஏன் வீழ்ந்தது என்பதற்குக் கதை வேறு, ஆராய்ச்சி வேறு. ஆராய்ச்சி வறட்சி, வடக்கிலிருந்து வந்த கூட்டங்கள், உள்சண்டை என்கிறது. கதைதான் நன்றாக இருக்கிறது. நல்ல அரசன் தோபில்ட்சின் கெட்சால்கோவாத்லுக்கு எதிரி மந்திரவாதி கண்ணாடியைக் காட்டிக் கிழடு தட்டிவிட்டது என்று பயமுறுத்தி, கற்றாழைக் கள்ளை ஊற்றிக் கொடுத்து மயக்கி, மானத்தை வாங்கிவிடுகிறான். அரசன் வெட்கத்தில் கிழக்குக் கடற்கரைக்குப் போய்த் தன்னைத்தானே எரித்துக்கொண்டு விடிவெள்ளியாகிறான். கடைசி அரசன் உவேமாக் ஓடிப்போய் சாபுல்தேபெக் குன்றின் குகையில் உயிரை விட்டான்.

துலா போய் வந்த மறுநாள் ஞாயிறு. அந்த சாபுல்தேபெக் இப்போது மெக்சிகோ நகரின் பெரிய பூங்கா. தேசிய மானுடவியல் அருங்காட்சியகம் அங்கேதான். உள்ளே டோல்டெக் கூடத்தில் துலாவின் கல் ஆள் ஒருவன் நிற்கிறான். பிரமிடின் மேல் நிற்கும் நாலு பேரில் ஒருவன் நகல், இவன்தான் அசல். கடைசி அரசன் வந்து சேர்ந்த இடத்துக்கே அவனுடைய வீரனும் வந்துவிட்டான். நகரத்துக்காரர்கள் துலாவிலிருந்து எடுத்து வருவதை 20ஆம் நூற்றாண்டிலும் நிறுத்தவில்லை என்றும் சொல்லலாம். கூரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறான், அதையும் சொல்லவேண்டும்.

மதியம் நகர மையத்தில் தோண்டி எடுத்த அஸ்டெக் பெரிய கோயிலுக்குப் போனேன். அதன் பக்கத்தில் கழுகு வீடு என்று ஒரு கட்டடம். அங்கே சுவர் ஓரத் திண்ணைகள், அவற்றில் ஊர்வலமாக நடக்கும் வீரர்கள், மேலே நெளியும் பாம்புகள். துலாவின் கருகிய மாளிகையில் முந்தின நாள் பார்த்த அதே திண்ணை, அதே வரிசை. எடுத்து வந்தது போதாமல், எடுத்து வரமுடியாததை அஸ்டெக் சிற்பி பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறான். துலாவில் முன்னூறு வருடத்துக்கு முன்பே கருகிப்போன கூடத்தில் குனிந்து உட்கார்ந்து ஒருவன் அளவெடுத்திருப்பான். நான் இரண்டையும் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். “அளவு சரியா இருக்கா?” என்று மட்டும் பதில் வந்தது. டிராஃப்ட்ஸ்மேன் புத்தி.

போகிறவர்களுக்கு: துலாவில் நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். முதலில் சுவர், பிறகு மாளிகை, கடைசியில் பிரமிடு என்று பாருங்கள். பிரமிடுக்கு முதலில் ஏறினால் மற்றதைப் பார்க்கக் கால் ஒத்துழைக்காது. பெரிய கோயிலைத் துலாவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அந்தத் திண்ணை கண்ணில் படும். என்னை மாதிரி சைவக்காரர்களுக்கு ஊருக்குள் பூசணிப்பூ வைத்த கெசடியா கிடைக்கிறது. தட்டில் வருகிற பச்சைச் சட்னியை முதலில் நுனி நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள். ஆந்திரக்காரர்களுக்கு இந்த எச்சரிக்கை வேண்டாம்.